நனையாத கொடும்பாவி

பையில் இரண்டு படம் இருக்கிறது. ஒரே படம்தான், ஆனாலும் இரண்டு. ஒன்று ஐம்பத்திரண்டு நிமிடம். மற்றது ஐம்பத்திரண்டு நிமிடம் நாற்பது விநாடி. முதுகுளத்தூரில் மூன்றே முக்காலுக்கு மினி பஸ் ஏறினேன், ஏறியதிலிருந்து பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிற மாதிரி. பிடுங்கினால் நல்லதுதான். படம் தொலைந்துபோய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இதே பஸ்ஸில் திரும்பிவிடலாம். ஆனால் யாரும் பிடுங்க மாட்டார்கள். பஸ்ஸில் இருக்கிற ஏழு பேரும் பூவாணியேந்தல் ஆட்கள், ஏழு பேரும் என் படத்தில் எங்கேயாவது நடந்துபோகிறார்கள், ஐந்து மணிக்கு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் தங்கள் முகத்தைத் தாங்களே பார்க்கத்தான் இத்தனை அவசரம். முன் சீட்டிலிருந்து சேதம்மாள் திரும்பி, "டீச்சரு, எம் மூஞ்சி தெரியுதா, இல்ல முதுகு மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். நல்லாத் தெரியுது சேதம்மா என்கிறேன். நான் டீச்சர் இல்லை, மானிடவியல் பேராசிரியை. மூன்று வருடத்துக்கு முன்னால் கேமராவோடு இறங்கியபோது, மானிடவியல்னா என்னம்மா என்று ஊர்த்தலைவர் கருமலையான் அம்பலம் கேட்டார். மனுசங்களைப் பத்திப் படிக்கிறது என்றேன். அதுக்குப் படிக்கணுமா என்றார். அன்றைக்கே திரும்பியிருக்க வேண்டும். வறண்ட நில விவசாயிகளும் மாறிவரும் பருவமும் என்று காகிதத்தில் தலைப்பு வைத்து, அவர்கள் புழுதியில் விதைத்ததை, வானத்தைப் பார்த்ததை, கண்மாய் வற்றியதை, ஒருத்தரை ஒருத்தர் வைததை எல்லாம் எடுத்தேன். படத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் படத்தை முதலில் காட்ட வேண்டும், அதுதான் நம்முடைய நேர்மை என்று வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்கிறவள் நான். தட்டுகிற கை இப்போது பையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. எந்தப் படத்தைப் போடப்போகிறேன் என்று எனக்கே இன்னும் தெரியாது.

அந்த நாற்பது விநாடியில் ஒன்றுமே இல்லை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நாலு ஆடு, ஒரு முள்வேலி, ஊரில் ஒப்பாரி சொல்கிற இருளாயிக்காவின் பாதித் தோள். கேமராவை அணைக்க மறந்து இடுப்பில் தொங்கவிட்டபடி பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். சத்தம் மட்டும் அப்படிச் சுத்தமாக விழுந்திருக்கிறது. "வேண்டாம் டீச்சரு. பயிரு முத்தி நிக்கிது. இப்பப் போயி மழையக் கூப்புடலாமா?" அது இருளாயிக்கா. "நிஜமாவா கூப்பிடுறோம்?" அது நான். "கொடும்பாவிக்கு நெசம் பொய்யி தெரியாது டீச்சரு. அழுதா அழுததுதான்." "ஒரே ஒரு தடவைக்கா, எனக்காக. சும்மா நடிக்கிறதுதானே. மழையா வந்துடப் போகுது?" அப்புறம் ஒரு சிரிப்பு. என் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேச்சுக்காவது காரணம் சொல்லலாம், சிரிப்புக்கு என்ன காரணம் சொல்ல? மழை பெய்யாத வருடத்தில் வைக்கோலில் ஒரு பொம்மை செய்வார்கள். இவள்தான் கொடும்பாவி, இவள் செய்த பாவத்தால்தான் மழை நின்றது, இதோ செத்துவிட்டாள் என்று கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் பின்னாலேயே மாரடித்து அழுது போவார்கள், இருளாயிக்கா அடியெடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கி அழுவார்கள். ஊர் எல்லையில் கொண்டுபோய் எரிப்பார்கள். அன்றைக்கே எரிக்க வேண்டும், எரித்தால்தான் அழுகை முடிந்தது என்று அர்த்தம். ஐப்பசியில் இதை உண்மையாகவே செய்தார்கள். நான் அப்போது தில்லியில் ஒரு கருத்தரங்கில் இருந்தேன். இதே ஊரில் மழைக்காகச் செய்கிற சடங்குகளைப் பற்றித்தான் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன், கை தட்டினார்கள். கார்த்திகையில் மழை போதுமான அளவு பெய்து, பயிர் வளர்ந்து, மார்கழிக் கடைசியில் கதிர் பழுக்கிற நேரத்தில் வந்து நிற்கிறேன், கொடும்பாவியை எனக்காக இன்னொரு தடவை இழுங்கள் என்று. எப்படிப்பட்ட ஆள் நான். வேறொருத்தி இப்படிச் செய்திருந்தால் அவளைக் கிழித்து ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

செய்தார்கள். இருளாயிக்கா மனசில்லாமல் தொடங்கினாள், தொடங்கியபின் நடிக்கவில்லை, அவளுக்கு நடிக்கத் தெரியாது. பதினோரு பெண்கள் தொண்டை கட்டுகிற வரைக்கும் அழுதார்கள், நான் பின்னாலேயே நடந்து நடந்து எடுத்தேன், அழகான காட்சி, படத்திலேயே அதுதான் அழகான காட்சி, அதுதான் என்னை இன்னும் கொல்கிறது. கண்மாய்க் கரைக்குப் போவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. எரிக்க வேண்டாம், நாளைக்குச் சாயங்காலம் எரிப்பதை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்றேன். இதே வைக்கோல், இதே சேலை, இதே கயிறு, இல்லாவிட்டால் படத்தில் ஒட்டாது. பனி இறங்குமே, இன்றைய வைக்கோலின் நிறம் நாளைக்கு மாறிவிடுமே என்று என்னுடைய நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து, சமுதாயக் கூடத்துத் தாழ்வாரத்தில் கொடும்பாவியைப் படுக்க வைத்து, தலை முதல் கால் வரை போர்த்திவிட்டேன். படம் எடுக்கிற ஒருத்திக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும். இருளாயிக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். எரிக்காமப் போட்டா அவ அழுதுக்கிட்டே கெடப்பா டீச்சரு என்றாள். நாளைக்குத்தானே அக்கா என்றேன். விடிந்தபோது மழை. நாலு நாள். தை மாதத்தில் நாலு நாள் விடாத மழை அந்த ஊர் கண்டதில்லை. அறுத்துப் போட்ட நெல் களத்தில் மிதந்தது, அறுக்காதது படுத்துக் கதிரிலேயே முளைத்தது. ஊர் முழுக்கத் தார்ப்பாய்க்கு ஓடினார்கள். சேலையைப் போட்டார்கள், கூரையிலிருந்து ஓலையைப் பிடுங்கிப் போட்டார்கள், யூரியா சாக்கைக் கிழித்துத் தைத்துப் போட்டார்கள். நான் கேமராவைக் குடைக்குள் வைத்துக்கொண்டு அதையும் எடுத்தேன். பருவம் தவறிய மழை, எனக்கு வேண்டிய காட்சி. மூன்றாம் நாள் மத்தியானம் சேதம்மாள் நெல்லின் மேல் தன் உடம்பையே போர்த்துகிற மாதிரி குப்புறக் கிடந்ததை எடுத்துவிட்டுத் திரும்பியபோதுதான் தாழ்வாரத்தைப் பார்த்தேன். என் நீலத் தார்ப்பாய். ஊரில் நல்ல தார்ப்பாய் அது ஒன்றுதான். அதற்குள்ளே கொடும்பாவி ஒரு சொட்டு நனையாமல் காய்ந்து கிடந்தாள். தார்ப்பாயை உருவி எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. சேதம்மாள் தலையை நிமிர்த்தி, இனி எதுக்கு டீச்சரு என்று மட்டும் சொன்னாள்.

மழை ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவைக்குப் பத்துத் தடவை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வங்கக் கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது, போக வேண்டிய கீழைக்காற்று போகாமல் நின்றது, வைக்கோல் பொம்மைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அம்பலத்திடமும் காகிதத்தில் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரித்தாம்மா. கடல்ல சூடு, காத்து நின்னுருச்சு. ஆனா நம்ம அழுத மறுநாளு எதுக்கு நின்னுச்சு?" என்றார். பதில் இருக்கிறது, தற்செயல் என்கிற பதில், ஆனால் முளைத்த நெல்லைக் கையில் வைத்திருக்கிறவரிடம் தற்செயல் என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது? ஐந்தாம் நாள் பஸ் ஓடியது, நான் திருச்சிக்குப் போய்விட்டேன். ஓடிப்போனேன் என்பதுதான் சரி. அடுத்த வாரம் ஊர்க்கூட்டம் நடந்தது. காலம் தப்பிக் கொடும்பாவி அழுதது இருளாயி, அவள் அடியெடுக்காவிட்டால் நாங்கள் ஏன் அழுதிருப்போம் என்று மற்ற பத்துப் பேரும் சொன்னார்கள். அடுத்த அறுப்பு வரைக்கும் அவளை விதைப்புக்குக் கூப்பிடுவதில்லை, களையெடுக்கக் கூப்பிடுவதில்லை, இழவு வீட்டில் அவள் வாய் திறக்கக் கூடாது. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படக்காரம்மாவுக்கு என்ன தெரியும், ஊர்க்காரிக்குத் தெரிய வேண்டாமா? இருளாயிக்கா கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள், நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன், டீச்சருதான் விடவில்லை என்று. யாரும் நம்பவில்லை. அம்பலம் போன் செய்தார். "இருளாயி வேண்டாமின்னாளாம்ல, அப்புடியாம்மா?" நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையில் ஈரத் துண்டு. அதன் கோடுகள்கூட ஞாபகம் இருக்கிறது, பச்சைக் கோடு. சரியா ஞாபகம் இல்லைங்க அய்யா என்றேன். பச்சைக் கோடு ஞாபகம் இருக்கிறது. அவள் சொன்னது ஒவ்வொரு எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. சரியா ஞாபகம் இல்லைங்க அய்யா.

பஸ் நிற்கிறது. கரிமூட்ட விலக்கு. வெளியே கரிக்காகக் கருவேல மரத்தை அடுக்கி மண் பூசிய மூட்டங்கள் புகைந்துகொண்டிருக்கின்றன, புகை ஜன்னல் வழியாக வந்து தொண்டையில் உட்காருகிறது. ஏறுவது இருளாயிக்கா என்று பார்க்காமலே தெரிகிறது. சேதம்மாள் தன் பக்கத்துக் காலி இடத்தில் கூடையைத் தூக்கி வைக்கிறாள். பின் சீட்டுக்காரர் காலை நீட்டிக்கொள்கிறார். யாரும் கோபமாக இல்லை, யாரும் திட்டவில்லை, சும்மா கூடை வைக்கிறார்கள், சும்மா கால் நீட்டுகிறார்கள். எட்டு மாதமாக இப்படித்தான் பஸ் ஏறுகிறாளா? பார்க்காதே, ஜன்னலைப் பார், பையைப் பார். "டீச்சரு. இங்கன ஒக்காரவா?" ஒக்காருங்கக்கா, ஒக்காருங்க. நகர்கிறேன், தேவைக்கு மேல் நகர்கிறேன், ஜன்னல் கம்பி விலாவில் குத்துகிறது. விரல் இடுக்கெல்லாம் கரி, புருவத்தில் கரி, மடியில் ஒரு தூக்குவாளி. விதைப்புக்குக் கூப்பிடாதவளுக்கு மூட்டத்தில்தான் வேலை. "மெலிஞ்சு போனீகளே" என்கிறாள். என்னைப் பார்த்து. நான் மெலிந்துபோனேனாம். "இன்னிக்கித்தான் படம் போடுறீகன்னு மூட்டத்துல சொன்னாக. பாதி நாளோட வந்துட்டேன்." வந்தது நல்லதுக்கா. இது என்ன பேச்சு, வந்தது நல்லது. "நாளான்னைக்கு வெதைப்பு தொடங்குது டீச்சரு." தெரியும்க்கா. தெரியாது, தெரியும் என்கிறேன். ரோடு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது, வாளி மூடி கிணுங்குகிறது. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள், குறை சொல்கிற குரல் இல்லை, வழி கேட்கிற குரல். "ஒங்களுக்கு ஞாவகம் இல்லன்னு அம்பலம் சொன்னாக. அது பரவால்ல, நாலு எடத்துக்குப் போறவுக. ஒங்க மிசினுக்கு ஞாவகம் இருக்கும்ல?" மிஷினுக்கு. ஞாபகம். இருக்குக்கா, பையில் இருக்கு, மடியில் இருக்கு, உங்கள் முழங்கை அதன் மேல்தான் பட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வாய் வேறு எதையோ சொல்கிறது. "பாக்கணும்க்கா." "பாருங்க. ஆட்டுக் கொட்டிலுகிட்ட நின்னுதான பேசுனோம், அப்பவும் அது சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்." பார்த்திருக்கிறாள். எட்டு மாதமாக அந்தச் சிவப்பு விளக்கை நம்பிக்கொண்டு கரி அள்ளியிருக்கிறாள்.

அப்படியானால் போடு, போட்டுவிடு, என்ன யோசனை. யோசனை இருக்கிறது. இந்தப் படத்தில் எதுவும் நடிக்கவைத்து எடுக்கப்படவில்லை என்று பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நாற்பது விநாடியைச் சேர்த்தால் அந்தக் கையெழுத்து பொய், ஒப்பாரிக் காட்சி பொய், கட்டுரை பொய், என்னுடைய மூன்று வருடம் பொய். அடுத்த மாதம் வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்குப் போக வேண்டிய படம். சரி, ஊரில் மட்டும் ஒரு படம், விழாவுக்கு வேறொரு படம் என்றுதானே இரண்டு செய்தாய்? அப்படித்தான் செய்தேன், செய்த பிறகுதான் உறைத்தது, இங்கே போட்டால் அம்பலம் கேட்பார், ஞாபகம் இல்லைன்னீகளே அம்மா என்று. அதுதான் பயம். விழாவெல்லாம் அப்புறம். அந்தக் கேள்விதான், அந்த மனிதர் அதைக் கோபப்படாமல் கேட்பார் என்பதுதான். அறிவியல் என் பக்கம் இருக்கிறது, மழை என்னால் வரவில்லை, அவளாலும் வரவில்லை, இது ஒரு மூடநம்பிக்கை, அதற்கு ஆதாரம் காட்டுவது அதை ஒப்புக்கொள்வது ஆகாதா, அவள் மாட்டேன் என்றாள் என்று நிரூபித்தால் அழுததால்தான் மழை வந்தது என்று நானே கையெழுத்துப் போடுகிற மாதிரி இல்லையா? எவ்வளவு அழகாக யோசிக்கிறாய். இதை ஒரு கருத்தரங்கில் சொன்னால் கை தட்டுவார்கள். பக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், தூங்கவில்லை, இமை துடிக்கிறது. பஸ் கண்மாய்க் கரை ஏறுகிறது. தண்ணீர் இல்லை, வெடித்த மண், வெடிப்புக்குள் முளைத்த புல்லை இரண்டு மாடு மேய்கின்றன. கூடம் தெரிகிறது. ஜன்னலெல்லாம் நீலமாக இருக்கிறது. ஏன் நீலமாக இருக்கிறது?

தார்ப்பாய். வெளிச்சம் உள்ளே வரக்கூடாதாம், படம் தெரியாதாம், நாலு ஜன்னலுக்கும் தார்ப்பாய் அடித்திருக்கிறார் அம்பலம். மூன்று புதுசு, அந்த மழைக்குப் பிறகு ஊர்க்காரர்கள் வாங்கியது. நாலாவது என்னுடையது, நான் விட்டுவிட்டுப் போனது, ஓரத்தில் எரிந்த ஓட்டைகூட அப்படியே இருக்கிறது. "நல்ல இருட்டா இருக்கும்மா, பாருங்க" என்று பெருமையாகச் சொல்கிறார். இருட்டாகத்தான் இருக்கிறது, நீல இருட்டு. ஊர் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருக்கிறது. கடைசியில், வாசல் பக்கம், இருளாயிக்கா உட்கார்ந்திருக்கிறாள், அவளைச் சுற்றி இரண்டு முழம் காலி இடம், அதில் தன் தூக்குவாளியை வைத்திருக்கிறாள். மடிக்கணினியைத் திறக்கிறேன். இறுதி என்று ஒன்று, இறுதி இரண்டு என்று ஒன்று, நாற்பது விநாடி அதில்தான். ஒயரைச் சரிசெய்கிறேன் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாவதைத் தொடுகிறேன். விரலை எடுக்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியைப் பார்க்கிறாள், மிஷினைப் பார்க்கிறாள். மிஷினுக்கு ஞாவகம் இருக்கும்ல. இரண்டாவதை அழுத்திவிட்டேன். அழுத்திய பிறகு பத்து நிமிடம் இருக்கிறது அது வருவதற்கு, நிறுத்தலாம், கரண்ட் போகலாம், இந்த ஊரில் போகாத கரண்டா, இன்றைக்குப் போகாது. உழுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஏய் உன் மாடுடா என்கிறார்கள், சேதம்மாள் தன் முகத்தைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஆடு வந்துவிட்டது. நாலு ஆடு, வேலி, பாதித் தோள். வேண்டாம் டீச்சரு. பயிரு முத்தி நிக்கிது. சேதம்மாளின் கை வாயிலிருந்து இறங்குகிறது. கொடும்பாவிக்கு நெசம் பொய்யி தெரியாது டீச்சரு. ஒலிபெருக்கியில் என் குரல் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது. ஒரே ஒரு தடவைக்கா, எனக்காக. சும்மா நடிக்கிறதுதானே. மழையா வந்துடப் போகுது? அப்புறம் அந்தச் சிரிப்பு, கூடம் முழுக்க.

கூட்டத்தில் ஒரு ஆள், யாரென்று தெரியவில்லை, கோபம்கூட இல்லாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி, "வந்துருச்சேம்மா" என்றார். சேதம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "அவ மாட்டேன்னுதான்டி சொல்லியிருக்கா" என்று சொல்வது கேட்டது. அம்பலம் திரும்பி என்னைப் பார்த்தார். ஞாபகம் இல்லைன்னீகளே என்று கேட்கப்போகிறார் என்று நின்றேன். கேட்கவில்லை, வேட்டித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். படம் ஓடிக்கொண்டிருந்தது, பெண்கள் அழத் தொடங்கியிருந்தார்கள், இருளாயிக்கா அடியெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் நான் எப்போதும் உட்காருகிற இடத்தில் சேதம்மாள் இப்போது கூடையைத் தூக்கி வைத்திருந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசல் பக்கம் இருளாயிக்கா தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இங்கன வாங்க டீச்சரு" என்றாள். போய் உட்கார்ந்தேன்.